குளிரைக் கக்கிய பெட்டி

எல்கடுவையில் ஏசி பூட்டிய வீட்டுக்கு வாடகைக்குப் போகிறோம் என்று சொன்னபோது எங்கள் சொந்தத்தில் சிரிக்காதவர் ஒருவருமில்லை. மாத்தளை டவுனில் என்றாலும் பரவாயில்லை, சித்திரை வெயிலுக்கு ஆகும். மலைமேலே, தை மாதம் முழுக்கச் சுவெட்டரைக் கழற்றாமல் திரிகிற இடத்தில் ஏசி எதற்கு? "ஐஸ் பெட்டிக்குள்ள குந்திக்கிட்டு விசிறியால வீசிக்கிட்ட மாதிரி" என்றாள் அம்மா. வீட்டுக்காரர் இத்தாலியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஆசையாக வீட்டைக் கட்டி, முன்னறைச் சுவரில் அந்த இயந்திரத்தையும் பூட்டிவிட்டு, மனைவி மக்களோடு திரும்பவும் இத்தாலிக்கே போய்விட்டார். சாவியைக் கையில் தரும்போது, "இது குளிர் மட்டுமில்ல, சூடும் தரும்" என்றார். வெளிநாடு போய் வந்தவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதுபோல நாங்களும் தலையாட்டி வைத்தோம்.

அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. ரிமோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அல்மாரிக்குள் போட்டேன். வெளிச்சுவரின் ஓரத்தில் அதற்கு ஜோடியாக இன்னொரு பெரிய பெட்டி இருந்தது. அதன்மேல் காகங்கள் உட்கார்ந்து அசிங்கம் செய்தன. பக்கத்துத் தொழிலாளர் லயத்துக் கோழி ஒன்று அதன் அடியில் முட்டையிடப் பழகிக்கொண்டது. என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலை ஒபிசில் வேலை. நான் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, குளிரைத் தவிர.

என் மகள் மார்கழி மழையோடு பிறந்தாள். வர வேண்டிய காலத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டாள். தூக்கினால் கையில் பாரமே தெரியாது. துணியைத்தான் தூக்கியிருக்கிறோமோ என்று விலக்கிப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்சம் தேற்றிவிட்டு, வீட்டுக்கு விடும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். அறை இரவும் பகலும் இதமான சூட்டில் இருக்க வேண்டும். புகை என்ற பேச்சே கூடாது. குளிர் பட்டால் இந்தப் பிள்ளை தன் சதையை எரித்துத்தான் சூடு தேடும், எரிக்க அவளிடம் சதை இல்லை என்றார். அந்தச் சொல் எனக்குள் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

தலைப்பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். டவுனில் இருக்கிற அம்மா வீடு வெக்கையான இடம், நல்லதாகவும் போயிருக்கும். ஆனால் என் அண்ணன் நேரம் பார்த்துக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தான். பிரித்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பாதி வீடு தார்ப்பாய்ப் படங்கின் கீழே, மீதிப் பாதியில் மொத்தக் குடும்பமும். ஆகவே நான் இறங்கிப் போகாமல் அம்மா மலையேறி வந்தாள். நாவுலையிலிருந்து என் கணவரின் அக்காவும் வருவதாகச் செய்தி வந்தது.

நாத்தனாரைப் பற்றி நம் ஊரில் நல்லதாக ஒரு பழமொழிகூடக் கிடையாது. நான் 'அண்ணி' என்று கூப்பிடும் இந்த நாத்தனாரோ, கணவரை இழந்தபின் தனியாளாகக் கோழிக் கொட்டகை போட்டு, குஞ்சு வாங்கி வளர்த்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை, இருந்தால் அது தெரிந்துகொள்ளத் தேவையில்லாத விஷயம். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்கு முன்பே அவர் வந்து இறங்கிவிட்டார். முன்னறைக்குள் நுழைந்து, முதலில் சுவரைத்தான் பார்த்தாராம்.

"இது என்னா தம்பி?"

"ஏசி அக்கா. சூடும் வரும்னு வீட்டுக்காரர் சொன்னாரு."

"சொன்னாரு சரி. நீ போட்டுப் பாத்தியா?"

என் கணவர் பையைப் பிரித்து ரிமோட்டை எடுத்திருக்கிறார். அண்ணி அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டார். இத்தனை காலம் தூங்கின மிசினைப் பிள்ளை வருகிற நேரத்தில் சும்மா எழுப்பக் கூடாது, அதற்கு ஆள் கூட்டிவா என்று சொல்லி, அன்றைக்கே மாத்தளைக்குத் துரத்தினார். ஏசி திருத்தும் மெக்கானிக், எங்கள் பேச்சில் பாஸ், ஒருவர் மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தார். டவுனில் நாலு தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பத்து ஆள், பேச்சில் தங்கமானவர். ஆனால் அண்ணியிடம் மாட்டிக்கொண்டார். இதைக் கழற்றினால் அது என்ன, அதைத் திருகினால் இது என்ன என்று அவர் வேலை முடித்துப் போகும்வரை அண்ணி கூடவே நின்று கேட்டிருக்கிறார்.

நானும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தபோது அறை சூடாக இருந்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் பட்ட அந்த இதத்தை நான் மறக்க மாட்டேன். அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடு இல்லை. வாசனை இல்லை, புகை இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை. வெளியே மலை முழுக்க மஞ்சு மூடிக் கிடந்தது. உள்ளே என் மகள் ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகக் கையை விரித்துப் படுத்தாள்.

"சூட்ட எங்க இருந்து எடுக்குது அண்ணி?" என்று கேட்டேன். ஹீட்டர் மாதிரி உள்ளே கம்பி பழுக்கும் என்று நினைத்திருந்தேன்.

"வெளில இருந்துதான்."

"வெளில குளிருல்ல?"

"நமக்குத்தான் அது குளிரு. அந்தக் குளிர்லயும் சூடு இருக்குன்னு பாஸ் சொல்றாரு. வெளிப் பெட்டி அத உறிஞ்சி எடுக்குது, உள்பெட்டி ஊத்துது. கிணத்துல தண்ணி எறைக்கிறோமே, அப்படி வச்சுக்க. சூட்ட எடுத்துக்கிட்டு மிச்சக் காத்த இன்னும் குளிரா வெளியவே தள்ளிரும்."

படித்த காலத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் இதை நானும் பாடமாக்கியிருப்பேன். ஆனால் மழையில் நனைந்த அந்த மலைக்காற்றுக்குள் என் பிள்ளைக்குப் போதுமான சூடு ஒளிந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கட்டிலில் கிடந்தபடி அந்த வெள்ளைப் பெட்டியை மரியாதையோடு பார்த்தேன். காகம் அசிங்கம் செய்த பெட்டியை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்கு அண்ணிதான் எஜமானி. இருபத்தாறில் வைப்பார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முப்பதில் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். "முப்பதுல போட்டா சீக்கிரம் சூடாகாது. நிறுத்தத் தெரியாம ஓடிக்கிட்டே இருக்கும், புள்ள அவிஞ்சு போகும்" என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார். காற்று கட்டிலின்மேல் நேரே விழாதபடி அதன் இதழைத் திருப்பிவிட்டார். இடி கேட்டால் நிறுத்தி, ட்ரிப் சுவிட்சையும் இறக்கிவிடுவார். கரண்ட் போய் வந்தால் உடனே போட விடமாட்டார். "ஓடி வந்தவன மூச்சு வாங்க விட மாட்டீங்களா?" என்பார். வாரம் தவறாமல் முன்மூடியைத் திறந்து வலையை உருவி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபின்தான் திரும்பப் போடுவார். அதுவும் மெயினை நிறுத்திவிட்டுத்தான். கையைத் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். இவ்வளவு துணிச்சல்காரர், கேஸ் குழாய்ப் பக்கமும் வயர்ப் பக்கமும் விரலைக்கூட நீட்டவில்லை. "கேஸுக்கு நீங்க கை வைக்க வாணாம், அது எங்கட வேல" என்று பாஸ் சொல்லிவிட்டுப் போனாராம். தனக்குத் தெரியாதது எது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

ஒரு நாள் வெளிப்பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் பதறிப்போய் ஓடிவந்தார். கேஸ் ஒழுகுகிறது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அண்ணி குனிந்து பார்த்துவிட்டு, "சில்லுத் தண்ணி போத்தலுக்கு வேர்க்குதுல்ல, அதான் இது. போய் ஒபிசப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் எத்தனை டிகிரி என்று ரிமோட்டில் எழுதியிருப்பதை அவர் முழுதாக நம்பியதில்லை. பிள்ளையின் பிடரியில் கையை வைத்துப் பார்ப்பார். காலைத் தொட்டுப் பார்ப்பார். தள்ளி நின்று அவள் படுத்திருக்கும் விதத்தைப் பார்ப்பார்.

"குஞ்சுங்க எல்லாம் பல்புக்குக் கீழ ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடந்தா குளிருதுன்னு அர்த்தம். வாயத் தொறந்துக்கிட்டு செவத்தோரம் ஓடினா சூடு கூடிப்போச்சு. அங்கயும் இங்கயுமா பரவி நின்னு தீனி பொறுக்கினா சரியான சூடு. இவளும் இப்ப அப்படித்தான் இருக்கா."

"எம் பேத்தி என்னா கோழிக்குஞ்சா?" என்றாள் அம்மா.

"கோழிக்குஞ்சு இவளவிட வெயிட்டு கூட அத்த."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பிரசவத் தையல் வலித்தது. நாத்தனார் ஒருத்தி வந்து என் அம்மாவை வாயடைக்க வைப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அம்மாவின் கவலை வேறு. பச்சை உடம்புக்காரி இருக்கிற அறையில் காற்று நுழையக் கூடாது, கட்டிலுக்கடியில் தணல்சட்டி இருக்க வேண்டும், குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டித் தலையைக் காய வைக்க வேண்டும். எங்கள் எல்லோரையும் அவள் அப்படித்தான் வளர்த்தாள். இங்கே சாம்பிராணி கூடாது, தணல் கூடாது, சுவரில் ஒரு பெட்டி காற்றை வேறு ஊதுகிறது. டாக்டர் சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். ஒரு நாள் துணி காயப் போடப் போனவள், வெளிப்பெட்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். உள்ளே வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பெட்டி குளிரக் கக்குதுடி. ஐஸ் மாதிரி. அதுக்கும் இதுக்கும் குழாய் வேற போட்டிருக்கு. அந்தக் குளிரு இந்தக் குழாய் வழியாத்தானே உள்ள வரும்?"

நான் சொன்னேன், அண்ணியும் சொன்னார், கிணற்றுக் கதையையும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாளே தவிர நம்பவில்லை. கையால் தொட்டுப் பார்த்த குளிரைவிட, காதால் கேட்ட கிணறு பெரிதா அவளுக்கு?

அப்புறம் ஒரு நாள் நாவுலையில் கோழி ஏற்ற லொறி வருவதாகச் சொல்லி அண்ணி காலையிலேயே பஸ் ஏறினார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன், ரிமோட்டில் கை வைக்காதீங்க என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ரிமோட்டில் கை வைக்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி போனதும் அவள் பின்பக்கம் போய் உரச்சாக்குகளை எடுத்துவந்து, வெளிப்பெட்டியை நாலு பக்கமும் போர்த்தி, அதன்மேல் படங்கையும் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பேத்திக்குக் குளிர் போகும் வழியை அடைத்துவிட்ட நிம்மதியோடு உள்ளே வந்து எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் உள்பெட்டியின் காற்று வெதுவெதுப்பாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. நான் ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன், பலனில்லை. அறை ஆறிக்கொண்டே வந்தது. மகளின் பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது. டாக்டர் சொன்ன சொல் நினைவுக்கு வந்து எனக்கு அழுகை முட்டியது. கணவருக்குப் போன் போட்டால், மழைக்கு சிக்னல் இல்லை. அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது மண்சட்டி நிறையச் சிரட்டைக்கரித் தணல், மேலே ஒரு சிட்டிகை சாம்பிராணி.

"புகை கூடாதுன்னு…" என்றேன்.

"புகையே இல்ல பாரு. நல்லாப் பழுத்த தணல். சாம்பிராணி வாசத்துக்குத்தான்." ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடியில் பழைய சீலையை மடித்து அடைத்தாள்.

உண்மையில் எனக்கு அந்தச் சூடு பிடித்திருந்தது. வாசனை பிடித்திருந்தது. அம்மா கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாள். பிள்ளையின் பாதம் சூடாகியது. தலை லேசாக வலித்தது. தூக்கமில்லாத வலி என்று நினைத்தேன். கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. பால் கொடுக்கிற நேரம் வந்து போனது, பிள்ளை எழும்பவில்லை. நல்லா தூங்குறா, தூங்கட்டும் என்றாள் அம்மா. அவளும் கதிரையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கோழி ஏற்றிய லொறி மாத்தளை வழியாகப் போனதால் அண்ணி அதிலேயே ஏறி, டவுனிலிருந்து த்ரீவீல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதில்லை. கதவு திறக்க வராமல் சீலை தடுத்தது. அண்ணி தோளால் இடித்துத் திறந்தார். தணலைப் பார்த்தார். பிள்ளையை வாரி எடுத்துத் தன் நெஞ்சோடு சீலைக்குள் போட்டுச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். மழைக்காற்று அறைக்குள் பாய்ந்தது. பச்சை உடம்புக்காரி அறையில், தைக் குளிரில், எல்லா ஜன்னலும் திறந்து கிடந்ததைப் பார்த்த அம்மா தூக்கக் கலக்கத்தோடு கத்தினாள்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். வெளிய வாங்க. வாங்கன்னு சொல்றேன்" என்றார் அண்ணி.

எனக்குக் கால் நிலைக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து விறாந்தையில் உட்கார வைத்தார். பிள்ளையின் முகத்தை மட்டும் சீலைக்கு வெளியே எடுத்து, காற்றுப் படும்படி பிடித்து, உள்ளங்காலைச் சுண்டினார். திரும்பவும் சுண்டினார். மகள் உதட்டைக் கோணினாள். அப்புறம் அழுதாள். சின்ன அழுகைதான், பூனைக்குட்டி மாதிரி. நான் கேட்ட சத்தங்களிலேயே பெரிய சத்தம் அதுதான்.

அவரை ஏற்றி வந்த த்ரீவீல் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தது. எல்லோரையும் அதில் திணித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழியெல்லாம் பிள்ளையை அழ வைத்துக்கொண்டே வந்தார். அங்கே எங்களுக்கு ஒட்சிசன் பிடித்தார்கள். மூடின அறையில் தணல் வைத்தீர்களா என்று டாக்டர் நேராகவே கேட்டார். யார் வைத்தது என்றும் கேட்டார்.

"வீட்டுல வச்சிட்டோம் டாக்டர்" என்றார் அண்ணி.

நேரத்தோடு வெளியே எடுத்தது நல்லதாய்ப் போயிற்று, பிள்ளை தேறிவிடும், இருந்தாலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் அக்கம்பக்கத்தார் சொல்லிக் கேள்விப்பட்டு என் கணவர் நனைந்த கோலத்தில் ஓடி வந்தார். வரும் வழியில் வீட்டுக்குப் போய், சாக்கையும் படங்கையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். மூச்சு வாங்க நின்று, "யாரு அக்கா அந்தச் சாக்கக் கட்டினது?" என்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"யாரா இருந்தா என்னா? அந்தா புள்ள அழுவுது, கேக்குதா? அதக் கேளு."

அம்மா வாங்குப் பெஞ்சின் ஓரத்தில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். எழுந்து மருமகன் முன்னால் வந்து நின்றாள். "நான்தான் மாப்பிள்ள. சாக்குக் கட்டினதும் நான்தான். தணல் வச்சதும் நான்தான். கொல்லப் பாத்தேனே" என்று சொல்லி, வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அண்ணி அம்மாவைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அத்த, தணல் என்னா செய்யும்னு எனக்கு எப்படித் தெரியும்னு நெனைக்கிறீங்க? நானும் வச்சேன். ஒரு மழைக்குக் கரண்ட் இல்ல, குஞ்சு குளிர்ல சாகப் போகுதேன்னு கொட்டகைய மூடி, உள்ள கரியப் போட்டேன். நல்லாப் பழுத்த கரிதான், பொட்டுப் புகை இல்ல. அந்தச் சனியன் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காலைல தொறந்தா ஒண்ணு மிச்சமில்ல. எல்லாம் தூங்கின மாதிரியே கெடந்துச்சு. அன்னைக்கு எனக்கு யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல. உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லாமப் போனது என் தப்பு."

ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிற ஒரு மனுஷி, யாரும் கேட்காமலே பழியில் பாதியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டதை நான் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் அந்த நிமிஷம் வந்த மரியாதை இன்றுவரை ஒரு பிடிகூடக் குறையவில்லை.

பாஸ் மறுபடி வந்தார். இயந்திரம் பழுதாகவில்லையாம். மூச்சு முட்டினதும் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டதாம். "நல்ல மெஷின், நம்மள விட புத்தி இருக்கி" என்று சிரித்தார். தகடுகளுக்குள் போயிருந்த சாக்கு நாரையெல்லாம் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்தார். மழையில் நனையத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது, போர்த்தக் கூடாது, சுற்றிலும் இடம் விட வேண்டும், கத்தி கொண்டு சுரண்டவும் கூடாது என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தார். இந்த முறை கூடவே நின்றது அம்மா. அண்ணி அவளுடைய ஒரு கையைப் பிடித்து வெளிப்பெட்டியின் முன்னால் காட்டினார், அப்படியே உள்ளே கூட்டி வந்து அதே கையை உள்பெட்டியின் கீழே காட்டினார். அம்மா இரண்டு தடவை வெளியே போய் வந்தாள். அப்புறம், "சூட்டப் பூராவும் நமக்குக் குடுத்துட்டு, குளிர அது வச்சுக்கிது" என்றாள்.

அன்றிலிருந்து வெளிப்பெட்டிக்கு அவள் காவல். காகம் வந்தால் கல், கோழி வந்தால் விளக்குமாறு. அதன் எதிரே துணி காயப்போட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "மூச்சு விடுற எடத்த மறைக்காத புள்ள" என்றாள். மகள் கண்ணாடிப் பெட்டிக் காலத்தைத் தாண்டி, கன்னத்தில் சதை வைத்து, கிளினிக் தராசில் மிட்வைஃபைச் சிரிக்க வைக்கும் அளவுக்கு ஏறினாள்.

பெயர் வைக்க நாள் பார்த்தபோது அண்ணி, கொட்டகையில் புதுக்குஞ்சு இறக்க வேண்டும், வர முடியாது என்று போனில் சொன்னார். புதுக்குஞ்சு எதுவும் இறங்கவில்லை என்பது என் கணவருக்குத் தெரியும். தாலி இறங்கிய பெண்கள் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்பதில்லை. யாராவது ஒதுங்கச் சொல்வதற்கு முன்பே தானே ஒதுங்கிக்கொள்வது அவர் வழக்கம். அதைக் கேட்ட அம்மா மறுநாள் காலை தனியாக பஸ் ஏறி நாவுலைக்குப் போய், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்பினாள்.

வந்தவர் அறைக்குள் வரவில்லை. சமையலறையில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றுவிட்டார். முன்னறை நிறைய ஆட்கள். பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியது அத்தை. எந்த அத்தை சொல்வது என்று பேச்சு நடந்தது, என் கணவரின் சித்தப்பா மகளைக் கூப்பிட்டார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

"அகப்பைய வச்சுட்டு வாங்க. பேரு சொல்லணும்."

"வேணாம் அத்த. அது நல்லா இருக்காது. அவள சொல்லச் சொல்லுங்க."

கதவருகே நின்ற ஒரு பெரியம்மாவும், சுமங்கலி யாராவது சொல்லட்டுமே என்று மெல்ல இழுத்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவங்க ஜன்னலத் தொறக்கலன்னா, இன்னைக்குப் பேரு வைக்க இந்த வீட்டுல புள்ள இல்ல. வேற யாரு சொல்றது?"

அண்ணி கையைக் கழுவித் துடைத்தார். திரும்பவும் கழுவினார். பிள்ளையை வாங்கிக் காதருகே குனிந்தார். பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். நாலு வீட்டுக்குக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு முறைதான் சத்தம் வந்தது. மற்ற இரண்டு முறையும் உதடு மட்டும் அசைந்தது.